பிஎச்.டி. சேர இன்டர்நெட்டில் தேடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் சினிமாப் பாட்டும் கேம்ஸும்தான் ஓடும். திருத்தங்கலில் என் தங்கை வீட்டில் அப்படி இல்லை. அங்கே கம்ப்யூட்டர் வந்ததே என் தங்கை மகளின் படிப்புக்காகத்தான். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, பிஎச்.டி. சேர வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். தீபாவளி முடிந்து ஆலை திறக்கும் வரை கையில் இருப்பதை வைத்துத்தான் வீடு நடக்க வேண்டும். அந்த வருமானத்தில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

நான் விருதுநகரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அவளுக்குக் கம்ப்யூட்டர் பழக்குவது என் வேலை. நான் பிஎச்.டி. படித்தவன் இல்லை. ஆனால் மூன்று நான்கு மாதம் அவளோடு உட்கார்ந்து தேடியதில் கற்றுக்கொண்டது நிறைய. உங்கள் வீட்டிலும் மேல்படிப்புக்குக் காத்திருக்கும் பிள்ளை இருக்கலாம். எனவே இந்த மாதம் அதையே பாடமாக எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த இரண்டு தப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் தப்பு நான் போவதற்கு முன்பே நடந்திருந்தது. மாப்பிள்ளை ஒரு ரசீதைக் காட்டினார். ஒரு ஏஜென்டிடம் 40 ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கட்டியிருந்தார். மொத்தம் இரண்டே கால் லட்சமாம். வடமாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். நேரில் போக வேண்டியதில்லை. தீசிஸ் கூட அவர்களே "ஏற்பாடு" செய்துவிடுவார்கள்.

"மச்சான், பாப்பா வீட்ல இருந்தே படிச்சிரலாம்னு சொல்றாக. வயசுப் பிள்ளைய வெளியூருக்கு அனுப்ப வேண்டாம்லா" என்றார். அவர் கவலை அவருக்கு.

நான் ஒன்றும் சொல்லாமல் பிரவுசரைத் திறந்து பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசியின் வெப்சைட்டுக்குப் போனேன். 2022 நவம்பரில் யுஜிசி வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகள் அங்கே பிடிஎப் பைலாக இருக்கின்றன. டவுன்லோட் செய்து திறந்து, கீபோர்டில் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எப் எழுத்தைத் தட்டினால் தேடும் கட்டம் வரும். அதில் 'டிஸ்டன்ஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினேன். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்தக்கூடாது என்ற வரி நேராக வந்து நின்றது. பகுதி நேரமாகப் படிக்கலாம். வேலை பார்ப்பவர் என்றால் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பகுதி நேரம் வேறு, வீட்டில் இருந்தே என்பது வேறு. ஏஜென்ட் இரண்டையும் குழப்பியிருந்தார்.

அதே வெப்சைட்டில் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் இருக்கிறது. பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. 2025 ஜனவரியில் ராஜஸ்தானைச் சேர்ந்த மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் புதிதாக பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கக்கூடாது என்று யுஜிசி தடை விதித்தது. விதிகளை மீறிப் பட்டம் கொடுத்தார்கள் என்பதுதான் காரணம். அவை போலிப் பல்கலைக்கழகங்கள் அல்ல, சட்டப்படி அமைந்தவைதான். ஆகவே யுஜிசி வெப்சைட்டில் பொது அறிவிப்புகள் என்ற பகுதியையும் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில், எட்டெக் கம்பெனிகள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஎச்.டி.க்களை நம்ப வேண்டாம் என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் சேர்ந்து எச்சரித்ததும் இப்படி ஒரு பொது அறிவிப்பில்தான்.

ஏஜென்டிடம் பலமுறை பேசி 15 ஆயிரம் திரும்ப வந்தது. மீதி 25 ஆயிரம் போனது போனதுதான். அடுத்த தீபாவளிக்குள் பாப்பாவுக்கு இடம் கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

இரண்டாவது தப்பு நான் செய்தது. "புரொபசர்களுக்கு இமெயில் போடும்மா" என்று யோசனை சொன்னேன். அவளும் வெப்சைட்களில் இருந்து முகவரிகளைக் காப்பி செய்து, 32 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினாள். எல்லா முகவரிகளும் 'டூ' கட்டத்திலேயே வரிசையாக இருந்தன! அதாவது, நான் இன்னும் 31 பேரிடம் கேட்டிருக்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் நாங்களே பட்டியல் போட்டுக் காட்டியிருக்கிறோம். ஒரு மாதம் ஆகியும் ஒரு பதிலும் இல்லை.

முதலில் கேள்வி

அடுத்த ஞாயிறு கம்ப்யூட்டரை ஆன் செய்யாமலே உட்கார்ந்தோம். "எம்மா, உனக்கு எதைத் தெரிஞ்சுக்கணும்? அதை முதல்ல சொல்லு" என்று கேட்டேன்.

"மாமா, எனக்குப் பட்டாசு பத்திப் படிக்கணும்" என்றாள்.

அது கேள்வி இல்லை, தலைப்பு. இன்னும் கிளறினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா ஆலையில பேரியம் கூடாதுன்னுட்டாங்க. பேரியம் இல்லாம பச்சைக் கலர் எப்படி வரவைக்கிறது?"

சிவகாசிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புரியும். பட்டாசு மருந்தில் பச்சை நிறத்துக்குப் பேரியம் உப்பு, சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்கு சோடியம், நீலத்துக்குத் தாமிரம். கம்பி மத்தாப்பு எரிய ஆக்சிஜன் கொடுப்பதும் பேரியம் நைட்ரேட்தான். 2018 அக்டோபர் 23 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னபோது, பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. அதன் பிறகு நாக்பூரில் இருக்கும் சிஎஸ்ஐஆர் நிறுவனமான நீரி, பசுமைப் பட்டாசுக்கான கலவைகளைக் கொண்டுவந்தது. பேரியத்தை எடுத்துவிட்டால் பச்சை நிறம் மங்கும். இந்தப் பெண் சாப்பாட்டு நேரத்தில் அப்பா பேசக் கேட்டதே ஒரு ஆராய்ச்சிக் கேள்வி என்பது அவளுக்கே அதுவரை தெரியவில்லை.

உங்கள் துறை தமிழ் இலக்கியமாக இருக்கலாம், காமர்ஸாக இருக்கலாம். கேள்வியை ஒரே வரியில், கேள்விக்குறியோடு, நோட்பேடில் டைப் செய்து சேவ் செய்யுங்கள். அந்த வரி இல்லாமல் தேடினால் விளம்பரங்கள்தான் வரும். 'பிஎச்.டி. அட்மிஷன்' என்று கூகுளில் தேடிப் பாருங்கள், முதலில் வருவது யாரென்று தெரியும். எங்கள் ஏஜென்டும் அப்படித்தான் கிடைத்தார்.

ஷோத்கங்கா

இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்யலாம். நாம் போகப்போவது ஷோத்கங்கா என்ற வெப்சைட். குஜராத்தில் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்ற பிஎச்.டி. ஆய்வேடுகளை முழுமையாக இங்கே சேர்த்து வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலத்தில் எழுத்துகள்: எஸ், எச், ஓ, டி, எச், ஜி, ஏ, என், ஜி, ஏ. கூகுளில் இதை டைப் செய்தாலே வந்துவிடும். முகவரியின் கடைசிப் பகுதி இன்ஃப்லிப்நெட் டாட் ஏசி டாட் இன் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'பயர்வொர்க்ஸ்' என்று கொடுத்துத் தேடினோம். கெமிஸ்ட்ரி மட்டுமல்ல, ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலம், பெண் தொழிலாளர், மார்க்கெட்டிங் என்று பல துறைகளின் ஆய்வேடுகள் வந்தன. சிவகாசியைப் பற்றி இத்தனை பேர் ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா என்று மாப்பிள்ளையே வந்து எட்டிப் பார்த்தார்.

ஒரு தலைப்பைக் கிளிக் செய்தால் ஆராய்ச்சியாளர் பெயர், வழிகாட்டி பெயர், பல்கலைக்கழகம், முடித்த ஆண்டு, சுருக்கம் எல்லாம் தோன்றும். கீழே ஆய்வேடு தனித்தனி பிடிஎப் பைல்களாக இருக்கும். புதியவர்கள் ஒன்றாவது அத்தியாயத்தில் தொடங்கித் திணறுவார்கள். அப்படி வேண்டாம். மூன்று இடங்களை மட்டும் முதலில் படியுங்கள்.

நன்றியுரை ஒன்று. எல்லோரும் தாண்டிப் போகும் பக்கம் இது. எந்தக் கருவியைப் பயன்படுத்த எந்த ஊருக்குப் போனார், யார் நிதி கொடுத்தார்கள், எத்தனை வருடம் ஆயிற்று என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஒரு ஆய்வேட்டில், கருவி வேறு ஊரில் இருந்ததால் பலமுறை போய்வந்ததாக எழுதியிருந்தார்கள். அந்தத் துறையில் சேர்ந்தால் நமக்கும் அதே பயணம்தான்.

இரண்டாவது, கடைசி அத்தியாயம். 'இனி செய்ய வேண்டியவை' என்று அதில் ஒரு பகுதி இருக்கும். ஆராய்ச்சி செய்து முடித்தவரே, நேரம் போதாமல் விட்டுவைத்த கேள்விகளை அங்கே எழுதிவைத்திருப்பார்.

மூன்றாவது, நூற்பட்டியல். அதில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியின் பெயரைக் கிளிக் செய்தால் அவரிடம் முடித்த மற்றவர்களின் ஆய்வேடுகளும் வரும். பத்து வருடத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், ஒரே விஷயத்தில் ஆழமாகப் போயிருக்கிறாரா, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு திசையா என்று கணக்குப் போடலாம். கல்யாணத்துக்கு முன் விசாரிப்பது போலத்தான் இதுவும். மூன்று முதல் ஆறு வருடம் இவரோடுதான் வேலை. என்னைக் கேட்டால் பல்கலைக்கழகத்தின் பெயரை விட இது முக்கியம்.

கூகுள் ஸ்காலர்

ஆய்வேடு வெளிவர நாளாகும். இப்போது யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க கூகுள் ஸ்காலர் இருக்கிறது. சாதாரண கூகுள் போலவே கட்டம், ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மட்டும் தேடும். இரண்டு மூன்று வார்த்தைகள் சேர்ந்தே வர வேண்டும் என்றால் அவற்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இடது பக்கம் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பிந்தைய கட்டுரைகள் மட்டும் வரும். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் 'சைட்டட் பை' என்று ஒரு எண் இருக்கும். அதைக் கிளிக் செய்தால், அந்தக் கட்டுரையைப் படித்து மேற்கொண்டு எழுதியவர்களின் பட்டியல் வரும். பழைய கட்டுரையில் இருந்து இன்றைக்கு வந்து சேர இதுதான் ஏணி.

பேரியம் இல்லாத பச்சை என்று தேடியதில், 2011-ல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தினர் போரான் கார்பைடைக் கொண்டு பச்சை ஒளி வரவழைத்ததாக எழுதிய கட்டுரை கிடைத்தது. மருமகள் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டாள். தன் கேள்வியை வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று முதலில் முகம் வாடிப் போயிற்று. பிறகு 'சைட்டட் பை' வழியாகப் போய்ப் படித்தபோது, ராணுவ சிக்னலுக்கான கலவையும் பத்து இருபது ரூபாய்க்கு விற்கும் புஸ்வாணமும் ஒன்றல்ல என்று புரிந்தது. விலை குறைந்த, சிவகாசியில் கையால் செலுத்தப்படும் மருந்துக்கு அது ஒத்துவருமா, உராய்வில் பற்றுமா? அவள் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது.

இன்னொரு ஆச்சரியம். பட்டாசு மருந்தின் வெப்ப அபாயம் பற்றிய கட்டுரைகளில் சென்னை சிஎல்ஆர்ஐ பெயர் வந்தது. அது மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்! செருப்புக்கும் சரவெடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிய பிரிவு அங்கே இருந்து வேலை செய்திருக்கிறது. சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் இன்ஜினியரிங் கல்லூரியில் இருந்தும் நுண்துகள் அளவிலான பட்டாசு மருந்து பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. கல்லூரிகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் சிஎல்ஆர்ஐயை நாங்கள் ஒருநாளும் திறந்திருக்க மாட்டோம்.

எங்கெல்லாம் சேரலாம்?

நம் மாவட்டத்தில் கலை, அறிவியல் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி போன்றவற்றில் ஆராய்ச்சித் துறைகள் உண்டு. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இன்ஜினியரிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் அங்கீகரித்த ஆராய்ச்சி மையங்கள். இவையெல்லாம் வீட்டில் இருந்தே போய்வரும் தூரம்.

பலருக்குத் தெரியாத கதவு ஒன்று உண்டு. சிஎஸ்ஐஆர் ஆய்வுக்கூடங்களில் வேலை செய்தபடி 'ஏசிஎஸ்ஐஆர்' என்ற அகாடமி வழியாக பிஎச்.டி. பெறலாம். நாக்பூர் நீரி, சென்னை சிஎல்ஆர்ஐ, பக்கத்து மாவட்டத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் எல்லாம் இதில் அடங்கும். வருடத்துக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்குகிறார்கள்.

வெளிநாடு போக விரும்புகிறவர்களுக்கு ஃபைன்ட்-ஏ-பிஎச்.டி. என்ற வெப்சைட்டும், ஜெர்மனிக்கு டாட் அமைப்பின் தளமும், ஐரோப்பா முழுவதற்கும் யூராக்ஸஸும் போதும். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் நாடுகளில் பிஎச்.டி. இடத்தைப் பெரும்பாலும் சம்பளத்தோடு வேலையாகவே விளம்பரம் செய்வார்கள். என் மருமகள் அந்தப் பக்கம் போக விரும்பாததால் நாங்கள் அதிகம் பார்க்கவில்லை.

தகுதியும் தேர்வும்

முதுகலையில் 55 சதவீத மார்க் வேண்டும். நான்கு வருட இளங்கலை மட்டும் முடித்தவர் என்றால் 75 சதவீதம். பட்டியலினத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத ஓபிசியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு 5 சதவீதம் சலுகை. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு வருடம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருட அவகாசமும், பிரசவ விடுப்பாக மொத்தம் 240 நாட்களும் உண்டு. இந்தக் கடைசி வரியை என் தங்கை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

2024 ஜூன் முதல் நெட் தேர்வு மார்க்கை வைத்தே பிஎச்.டி. சேரலாம். கெமிஸ்ட்ரி போன்ற அறிவியல் பாடங்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட், மற்றவற்றுக்கு யுஜிசி நெட். சுற்றுச்சூழல் அறிவியல் யுஜிசி நெட்டில் வருகிறது, கவனம். ரிசல்ட்டில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவுக்கு ஜேஆர்எப் உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் இது மாதம் 37 ஆயிரம் ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42 ஆயிரம். இரண்டாவது பிரிவு உதவிப் பேராசிரியர் பணிக்கும் பிஎச்.டி.க்கும். மூன்றாவது பிஎச்.டி.க்கு மட்டும். இரண்டாம், மூன்றாம் பிரிவுகளுக்கு நெட் மார்க்குக்கு 70 சதவீதம், நேர்முகத் தேர்வுக்கு 30 சதவீதம் மதிப்பு. அந்த மார்க் ஒரு வருடம்தான் செல்லும்.

என் மருமகளுக்குக் கிடைத்தது மூன்றாவது பிரிவு. மாதப்பணம் இல்லை, ஒரு வருடக் கெடு. எனவே உதவித்தொகை பற்றி எந்த நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கூச்சப்படத் தேவையில்லை. புராஜெக்ட் நிதியில் ஆள் எடுக்கும் அறிவிப்புகள் நிறுவன வெப்சைட்டில் தனியாக வரும், அதையும் பாருங்கள்.

தேதிகளை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். 2024 ஜூனில் நடக்க வேண்டிய சிஎஸ்ஐஆர் நெட் தள்ளிவைக்கப்பட்டு ஜூலை 25 முதல் 27 வரை நடந்தது.

வழிகாட்டியிடம் இடம் இருக்கிறதா?

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக்கூடாது. பதிவு செய்த ஆராய்ச்சி மாணவர்களின் பட்டியலை, வழிகாட்டி பெயரோடும் பதிவுத் தேதியோடும் வெப்சைட்டில் வெளியிட வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலைத் தேடி எடுத்து எண்ணிப் பாருங்கள். நாங்கள் விரும்பிய ஏழு பேரில் மூன்று பேர் இப்படியே கழிந்தார்கள்.

மிச்சம் இருந்தவர்களை எக்செல் ஷீட்டில் போட்டோம். வழிகாட்டி, நிறுவனம், அவருடைய சமீபத்திய கட்டுரை, காலி இடம், கடைசித் தேதி, கட்டணம், உதவித்தொகை, மெயில் அனுப்பிய நாள், பதில். கடைசித் தேதி காலத்தைத் தேர்வு செய்து டேட்டா மெனுவில் சார்ட் கொடுத்தால் எது முதலில் முடிகிறதோ அது மேலே வந்துவிடும்.

இமெயில்

இந்த முறை 32 பேர் இல்லை, நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம். சப்ஜெக்ட் கட்டத்தில் 'வணக்கம்' என்றோ 'ரெஸ்பெக்டட் சார்' என்றோ போடாமல், ஆராய்ச்சித் தலைப்பையும் பிஎச்.டி. என்பதையும் போடுங்கள். முதல் பத்தியில் நீங்கள் யார், என்ன படித்தீர்கள், நெட்டில் எந்தப் பிரிவு. இரண்டாவதில் அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் இருந்து உங்களுக்கு எழுந்த கேள்வி. மூன்றாவதில், இந்த வருடம் இடம் உண்டா என்ற நேரான வரி. அவ்வளவுதான். பயோடேட்டா ஒரே பிடிஎப்பாக இணைக்க வேண்டும். வேர்டில் சேவ் ஆஸ் கொடுத்து, பைல் வகையில் பிடிஎப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மருமகள் எழுதிய கடிதத்தில், அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன் என்ற வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். எதற்கு எடுக்க வேண்டும்? மருந்து அறையில் என்ன நடக்கிறது என்று வீட்டில் இருந்தே தெரிந்தவள் வேறு யார்? அந்த வரி இருக்கட்டும் என்றேன்.

நான்காம் நாள் ஒருவரிடம் இருந்து பதில் வந்தது. இந்த வருடம் தன்னிடம் இடம் இல்லை, ஆனால் கேள்வி நன்றாக இருக்கிறது, இன்னாருக்கு எழுதிப் பார் என்று வேறொரு பேராசிரியரின் பெயரைக் கொடுத்திருந்தார். அந்தப் பெயர் எங்கள் ஷீட்டிலேயே இல்லை! இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் ஒருமுறை மட்டும் பணிவாக நினைவூட்டலாம். அதற்கு மேல் தொல்லை.

விண்ணப்பம்

ஆன்லைன் விண்ணப்பத்தில் நம்மூர்க்காரர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு.

முதலாவது இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன் இனிஷியல், ஆதாரில் பின்னால், நெட் விண்ணப்பத்தில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் பின்னால் சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே எல்லாவற்றிலும் டைப் செய்யுங்கள்.

இரண்டாவது சாதிச் சான்றிதழ். பள்ளியில் கொடுத்த பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. அவர்கள் கேட்பது ஓபிசி, நான்-கிரீமி லேயர் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பார்கள். கடைசித் தேதி நெருங்கிய பிறகு ஓடாதீர்கள். மருமகளுக்குக் கிடைக்க 12 நாள் ஆனது.

போட்டோ, கையெழுத்தை இத்தனை கேபிக்குள் என்று கேட்பார்கள். பெயின்டில் படத்தைத் திறந்து, கன்ட்ரோல் கீயோடு டபிள்யூ தட்டினால் ரீசைஸ் கட்டம் வரும். சதவீதத்தைக் குறைத்து, ஜேபெக் வகையில் வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து ஒரே போல்டரில் போட்டு, பென் டிரைவில் ஒரு காப்பியும் வையுங்கள். சிவகாசிக் கரண்டை நம்ப முடியாது என்பாள் என் தங்கை. எங்களுக்கு ஒருமுறை பணம் கட்டும் பக்கத்திலேயே கரண்ட் போனது. வங்கிக் கணக்கைப் பார்க்காமல் மறுபடியும் கட்டிவிட வேண்டாம். முதலில் பணம் போய்விட்டதா என்று பாருங்கள், பிறகு விண்ணப்ப நிலையைப் பாருங்கள்.

ஆராய்ச்சி முன்வரைவு கேட்டால் நான்கு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். அதை நீங்களே எழுதுங்கள். எழுதித்தர ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எங்கள் 25 ஆயிரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் கேட்பது அந்த நான்கு பக்கத்தைத்தான்.

மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தோம். ஒன்றில் பெயர் வரவில்லை. ஒன்றில் இன்னும் தகவல் இல்லை. மூன்றாவது, அந்த நல்ல மனிதர் சொன்ன பேராசிரியர் இருக்கும் நிறுவனம். போன வியாழக்கிழமை இரவு நேர்முகத் தேர்வுக்கான கடிதம் மெயிலில் வந்திருந்தது. மாப்பிள்ளை எனக்குப் போன் செய்து, "மச்சான், இதைப் பிரின்ட் எடுத்துத்தான் கொண்டு போகணுமாம்லா, பிரின்டர்ல மை இல்லையே" என்றார். விடிந்ததும் விருதுநகர் பஜாரில் பிரின்ட் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். தேர்வு அடுத்த மாதம் 9-ஆம் தேதி. மகளோடு அவரும் போகிறார். ஆலையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டாராம்.